வஞ்சிரத்தில் இறங்கிய ரம்பம்

மீன் வாடை பொன்மணிக்கு ஒரு நாளும் நாற்றமாகத் தெரிந்ததில்லை. நொச்சிக்குப்பத்தில் பிறந்து, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மா உட்கார்ந்த இடத்திலேயே கத்தியோடு உட்கார்ந்தவள். அவள் முகம் சுளிப்பது வேறு விஷயங்களுக்கு. காலையில் பிடித்த தண்ணீரையே மத்தியானம் வரை கலக்கிக் கலக்கி மீன் கழுவுவது, ஒரே துணியால் பலகையையும் மூக்கையும் துடைப்பது, செவுளைப் பாதி பிய்த்துப் பையில் போட்டுக் கொடுப்பது, இதையெல்லாம் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது.

அவளிடம் ஒரு மீன் முடிந்தால் தண்ணீர் மாறும். திருக்கைக்கும் சுறாவுக்கும் தனிக் கத்தி, மற்ற மீனுக்குத் தனிக் கத்தி. வஞ்சிரம் என்றால் கத்தியை வைத்து முதுகில் கட்டையால் ஒரே தட்டு. துண்டு விழும், முள் நொறுங்காது. மந்தைவெளியிலிருந்தும் சாந்தோமிலிருந்தும் வருகிறவர்கள் யாரிடம் மீன் வாங்கினாலும் வெட்டுவதற்கு அவளைத் தேடி வருவார்கள். "பொன்மணி கையில வெட்டினா வூட்ல போய் மறுபடி கழுவத் தேவையில்ல" என்று யாராவது சொல்வது காதில் விழும். அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். கத்தி மட்டும் கொஞ்சம் வேகமாகப் போகும்.

தம்பி சக்திவேலை இடுப்பில் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். இப்போது அவன் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கடலுக்குப் போகாத நாட்களில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய மீன்களை வெட்டுவான். குப்பத்தில் எந்தப் படகின் இஞ்சின் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு அடங்காத பெருமை. அந்தப் பெருமையில்தான், அவன் அந்தச் சனியனை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே கடலில் வீசச் சொல்லாமல் விட்டாள்.

"இன்னாடா இது, பொம்மையா?"

"ரம்பம் யக்கா. மரம் அறுக்கிற மிஷின் கீதுல்ல, சங்கிலி ஓடுமே, அதோட குட்டி. ஒலகத்துலயே இதாஞ் சின்னது. இத்தவுட சின்னதா எவனும் செய்ல."

"மரம் அறுக்கிறது மீனுக்கு இன்னாத்துக்கு?"

"நீ பாரேன்."

ஒரு கையில் அடங்கிவிடும் சாமான். அவள் உள்ளங்கை நீளம்கூட இல்லாத ஒரு தகடு, அதைச் சுற்றிப் பல் பல்லாகச் சங்கிலி, அடியில் பேட்டரி. விசையை அழுத்தினான். சூரை மீனின் தலை பர்ரென்று பிரிந்தது. கூடவே அதன் ரத்தமும் சதைத் துணுக்கும் பொன்மணியின் கன்னத்தில், காதுக்குள், குடித்து வைத்திருந்த டீ கிளாஸில் தெறித்தன. சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பொன்மணி மீனைப் பார்த்தாள். கத்தி வெட்டினால் கண்ணாடி போல இருக்கும் சதை, நாய் கடித்துப் போட்டது போலக் கிழிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு எண்ணெய்க் கோடு.

அத்தோடு போகவில்லை. சங்கிலியின் இடுக்குகளில் சதை ஒட்டிக்கொண்டது. சக்திவேல் லுங்கி நுனியால் துடைத்து உள்ளே வைத்துவிட்டான். மறுநாள் வெயில் ஏறியதும் அது பழுப்புச் சீழாகக் கசிந்து ஈயை அழைத்தது. பொன்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து மார்க்கெட்டில் மூக்கைப் பொத்தியது அன்றுதான்.

"அந்தக் கறுப்பு எண்ணெயைத் துன்றது மனுசன்டா."

"எண்ணெ இல்லாங்காட்டி சங்கிலி சிக்கிக்கும் யக்கா."

"அப்ப உன் சூரையோட வச்சிக்கோ. என் பலகைக்கு வராத."

எல்லாவற்றையும் விட்டுவிட்டு எண்ணெய் என்ற ஒன்றை மட்டும் அவன் பிடித்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமர் ஜஹான் விடியற்காலையிலேயே வந்து ஒரு பெரிய வஞ்சிரத்தை வாங்கிப் பொன்மணியிடம் கொடுத்தாள். சாந்தோமில் வீடு, பல வருட வாடிக்கை. மகள் ஃபிசாவுக்கு அன்று நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

"சம்பந்தியம்மா மீனைத் தொட்டுப் பார்த்தே குத்தம் சொல்ற ஆளு. உன்னை நம்பித்தான் வச்சிட்டுப் போறேன் பொன்மணி."

"நீ போய் பிரியாணிய பாரு பாயம்மா. மீனை நான் பாத்துக்கறேன்."

இந்த மீனுக்குப் பீப்பாய்த் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர்தான் என்று அவள் குடங்களை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனாள். குழாயடியில் வரிசை. திரும்பி வந்தபோது வஞ்சிரம் துண்டு துண்டாக அடுக்கி வைத்திருந்தது. சக்திவேல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நீ வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன். எண்ணெயப் பத்திப் பயப்படாத. கறுப்பெண்ணெய எடுத்துட்டு மீனெண்ணெய ஊத்திட்டேன். மீனுக்கு மீனு, இன்னா கெட்டுடப் போவுது?"

பொன்மணி குடங்களை இறக்கி வைத்தாள். மீனெண்ணெய் என்றால் அவர்கள் வீட்டில் ஒன்றுதான். கட்டுமரத்துக்குப் பூசுவதற்காக அப்பா காலத்தில் காய்ச்சியது. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த பிறகும் கொல்லைப்புறத் தகர டின்னில் கெட்டியாகிக் கிடந்தது. அதில் பல்லி செத்து மிதந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழைய செருப்பும் அழுகிய ஈரலும் சேர்ந்த ஒரு வீச்சம். கழுவினாள். மஞ்சளைப் போட்டுத் தேய்த்தாள். கல்லுப்பு, புளி, மறுபடி கழுவல். கிழிந்த சதையின் ஒவ்வொரு இழைக்குள்ளும் எண்ணெய் இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்க வாடை மீனை விட்டு அவள் விரல்களுக்கு ஏறியதே தவிரப் போகவில்லை.

"மசாலா போட்டு வறுத்தா தெரியாது யக்கா," என்றான் சக்திவேல், குரல் இறங்கி.

"தெரியாதா? சரி."

எதிர்ப்பக்க வறுவல் கடையில் ஒரு துண்டைக் கொடுத்து, மசாலாவை இரண்டு பங்கு தடவச் சொல்லி, கருக வறுத்து வாங்கி வந்தாள். வாழையிலையோடு தம்பி முன்னால் வைத்தாள். "துன்னு."

அவன் ஒரு விள்ளல் வாயில் போட்டான். மென்றான். கன்னம் நின்றுவிட்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் வெட்கப்பட்டு அக்காவைப் பார்த்தான். பிறகு எழுந்து மணல் பக்கம் ஓடிக் குனிந்தான். காலையில் தின்ற இட்லிகூட உள்ளே நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கமர் ஜஹானின் ஆட்டோ வந்து நின்றது.

"ஆச்சா பொன்மணி?"

ஒரு வார்த்தை போதும். ஆச்சு என்று பையைக் கொடுத்தால் சம்பந்தி முன்னால் மேஜையில் போய் நாறும். ஐஸ் சரியில்லை, மீனே பழசு என்று விற்றவன் தலையில் கட்டினால் தன் பெயர் தப்பும். இரண்டும் அவள் நாக்கு வரை வந்தன. அவற்றிலும் அந்த எண்ணெயின் வீச்சமே அடித்தது.

"மீனு கெட்டுப் போச்சு பாயம்மா. நீ வாங்கினது நல்ல மீனு. இங்கதான் கெட்டுது. என் தம்பி மிஷின்ல அறுத்து அழுக்கெண்ணெ ஏறிடுச்சு. நான் பக்கத்துல இல்ல. அது என் தப்பு."

கமர் ஜஹான் அலுமினியத் தட்டின் மேல் குனிந்தாள். உடனே துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். "யா அல்லா, இதையா மாப்பிள்ளை வீட்டுக்கு வைக்க இருந்தேன்."

"ஒரு கால் மணி நேரம் குடு."

படகுப் பக்கம் ஓடி, அப்போதுதான் இறங்கிய இரண்டு கொடுவா மீன்களைத் தூக்கி வந்தாள். காசைச் சக்திவேல் கணக்கில் வைக்கச் சொல்லிவிட்டாள். பலகைக்கு முன்னால் உட்காரப் போனவள் நின்றாள். விரல்களை முகர்ந்தாள். பிறகு மீன்களை எடுத்துப்போய், பக்கத்துப் பலகையில் உட்காரும் தேசம்மா முன்னால் வைத்தாள்.

"நீ வெட்டு. என் கையில வாடை போவல."

"இன்னாக்கா, நம்ம பலகை உனுக்கு ஆவாதே. இன்னிக்கு வழி தப்பி வந்துட்டியா?" தேசம்மா சிரித்தாள்.

"வாயாடாத. வெட்டு. தண்ணி நான் ஊத்தறேன்."

தேசம்மா வெட்டினாள். பொன்மணி மீனைத் தொடாமல் நின்று, குடத்திலிருந்து நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். செவுள், குடல், முதுகு நரம்பு என்று ஒவ்வொன்றையும் கண்ணால் காட்டி எடுக்க வைத்தாள். கொஞ்ச தூரத்தில் சக்திவேல் கடலைப் பார்த்துக்கொண்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

பையைத் தேசம்மா கட்டிக் கொடுத்தாள். கமர் ஜஹான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். கிளம்புவதற்கு முன் முடிச்சை அவிழ்த்து, பைக்குள் முகத்தை வைத்து ஒருமுறை முகர்ந்தாள். இத்தனை வருடத்தில் பொன்மணி பொறுப்பில் கொடுத்த மீனை அவள் முகர்ந்து பார்த்ததேயில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். ஆட்டோ சாந்தோம் பக்கம் திரும்பியது.