எல்லா மீனும் சாளைதான்

தக்கலையில் எங்கள் ஜெர்மன் வகுப்பு மாடியில் நடக்கிறது. அங்கே நர்ஸ் வேலைக்குப் போவதற்காகப் படிக்கிறோம். நான் பாதி வாக்கியம் சொல்வதற்குள் ஆசிரியர் கையை உயர்த்தினார். "தப்பாப் பேசப்பிடாது. முதல்ல இலக்கணம் படிங்க, பொறவு வாயத் திறங்க."

தலைகுனிந்து உட்கார்ந்தேன். கீழே ஹோட்டலில் விரல்நீளச் சாளை மீன் பொரிக்கும் வாசம் ஜன்னல் வழியே ஏறி வந்தது.

கடியப்பட்டணம் கடற்கரை. எனக்கு மூன்று வயதிருக்கும். வள்ளத்திலிருந்து இறக்குகிற மீனெல்லாம் எனக்குச் சாளைதான். முறத்தைவிட அகலமான திருக்கையைக் காட்டி, "அம்மா, சாளை!" என்று கத்துவேன். மீன் விற்கிற என் அம்மா சிரிக்க மாட்டாள். "ஆமா மக்கா, திருக்கை எவ்வளவு பெருசு, பாத்தியா!" என்று ஈரக்கையால் என் கன்னத்தைத் தொடுவாள். உதட்டோரம் உப்புக் கரிக்கும். மறுநாளும் சாளை என்றுதான் கத்துவேன். கரையில் ஒருவர்கூட என்னை வாயை மூடச் சொன்னதில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு மொழி சட்டென்று வந்துவிடுமாம். வராமல் என்ன செய்யும்? தப்பாகப் பேச ஊரே விட்டது.

எழுந்து நின்றேன். "சார், நான் தப்பாத்தான் பேசுவேன். பேசி முடிச்ச பொறவு திருத்துங்க."

விட்ட இடத்திலிருந்து, கடற்கரையில் கத்திய அதே குரலில், தப்போடு சொல்லி முடித்தேன்.