ஒரு காலுக்கு இரண்டு வேண்டுதல்

“இந்தக் காலோட கொழுந்து எடுக்கக்கூடப் பேர் போட மாட்டாங்க முத்தம்மா. பந்து வெளையாடப் போவுதாம், பந்து.”

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் வாசலில் நின்று, ஆட்களிடம் வேலை வாங்கும் கங்காணி என் அம்மாவிடம் சொன்ன வார்த்தை இது. அறுபத்திரண்டாம் வருஷம், ஆடி மாதம். நான் உள்ளே சாக்கின் மேல் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. என் காதில் விழட்டும் என்றுதான் அவர் சொன்னார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஏனென்றால் அது பொய் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. பிறகு நுவரெலியாவில் ஒரு பெண்கள் கல்லூரியில், விடுதியில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தது படிப்பால். பெயர் கிடைத்தது பந்தால்.

பந்தை நான் கல்லூரியில் கற்கவில்லை. எங்கள் பெரட்டுக் களத்தில் கற்றேன். காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் அந்த மேடு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுடையது. டவுன் கிளப்பில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்த தேய்ந்த பந்து. சவுக்கு மரத்தில் அடித்த பீப்பாய் வளையம். ஆடுவதெல்லாம் பையன்கள், பெண் நான் ஒருத்திதான். களத்தின் ஒரு பக்கம் சரிவு. பந்து கையை விட்டால் தேயிலைக்குள் உருண்டு தண்ணீர் ஓடும் கானில் இறங்கி ஆறு வரைக்கும் போய்விடும். விட்டவர்தான் போய் எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது கால் முழுக்க அட்டை. அதனால் நான் பந்தை விடவே பழகவில்லை. இடித்தாலும் இழுத்தாலும் தட்டிக்கொண்டே ஓடுவேன்.

கல்லூரியில் கூடைப்பந்துக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே என்னை நிறுத்திக் கேட்டார்: “பந்து என்ன உம்மட சீதனமே? ஒருத்தருக்கும் குடுக்காமல் வச்சிருக்கிறீர்.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொடுக்கக் கற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம், பந்தைக் கொண்டுபோய் மற்ற நால்வருக்கும் பிரித்துக் கொடுக்கிற இடத்தில் என்னையே நிறுத்தினார். ஆட்டம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற இடம் அது. லயத்துப் பிள்ளை கை காட்டினாள், டவுன் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள்.

அப்படி இருந்தவள்தான் அறுபத்திரண்டு வைகாசி மழையில், ஈரத் தரையில், காலைத் திருகிக்கொண்டு விழுந்தேன். உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். நடக்கலாம், ஓடுவது சந்தேகம் என்றார் டாக்டர். விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மாதக்கணக்கில், லயத்தில் எங்கள் ஒற்றை அறையான அந்தச் சின்னக் காம்பராவுக்குள் கிடந்தேன். உடம்பு கிடந்தது, மனம் கிடக்கவில்லை. கூரையில் மழை விழுந்தால் யாரோ பந்து தட்டுவது போலக் கேட்கும். கட்டின காலே தூக்கத்தில் ஓடப் பார்க்கும், வலியில் விழித்துக்கொள்வேன். படிக்கப் புத்தகத்தை விரித்தால் ஒரு பக்கம் தாண்டாது. பகலில் லயமே காலியாக இருக்கும். வாசற்படியில் வந்து உட்கார்ந்தால் மாரியம்மன் கோயில் கூரை தெரியும். அதைப் பார்த்துத்தான் கேட்டேன்: “ஆத்தா, என்னை ஓட வை. நீ ஓட வைத்தாய் என்று நான் எங்கேயும் சொல்லுவேன்.” அழுதும் கேட்டேன். கோபப்பட்டும் கேட்டேன். சில நாள் கேட்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் ஒரு காலை, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்து இடுப்பில் குடத்தோடு படி ஏறினேன். மேலே வந்த பிறகுதான் தெரிந்தது, எதையும் பிடிக்காமல் ஏறியிருக்கிறேன். வலி இல்லை. குடத்தை இறக்கிவைத்துவிட்டு மறுபடி இறங்கினேன், ஏறினேன். பிறகு லயக்கோடி வரைக்கும் ஓடினேன். அங்கே நின்று அழுதேன்.

அம்மா மலையிலிருந்து வந்ததும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தக் காலுக்கு ஆத்தாகிட்ட நான்தான் கேட்டேன். நல்லாக்கிக் குடு, இனிமே புள்ளைய பந்து பக்கமே விட மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் தாயி.”

“நானுந்தான் கேட்டேன்மா.”

“நீ கேட்டது ஆட்டத்துக்கு. நான் கேட்டது காலுக்கு.”

 ஒரே கோயில், ஒரே ஆத்தா, ஒரே கால். யாருக்குக் கொடுத்தாள் அவள்? அம்மாவை எதிர்த்துப் பேச எனக்குத் தெரியும். படித்தவள் அல்லவா. ஆனால் நானும் ஆத்தாளுக்குப் பயந்தவள். வாக்கை மீறினால் கொடுத்ததை அவள் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று அம்மா சொன்னபோது, என் கை தானாகவே முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

படிப்புக்கு மட்டும் என்று சொல்லித் திரும்பவும் விடுதிக்கு அனுப்பினார். மாலையில் மற்றவர்கள் ஆட, நான் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காரவா முடிந்தது? நகத்தைக் கடித்தேன். எழுந்து நடந்தேன். பங்குனியில் பதுளையில் மலைநாட்டுக் கல்லூரிகளுக்கு இடையே போட்டி வந்தது. மிஸ் எனக்காக ஓர் இடத்தை நிரப்பாமல் வைத்திருந்தார். “கால் சுகம் எண்டால் வாரும்,” என்றார். “ஆனால் அம்மாவுக்குச் சொல்லாமல் மட்டும் வராதேயும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். ஆத்தாளையே கேட்டுவிடுவோம், பூக்கட்டிப் பார்ப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் சம்மதித்தார்.

விளக்கு வைக்கிற நேரம். பூசாரி சிவப்பு ரோஜா இதழை ஒரு வெற்றிலையிலும் வெள்ளையை இன்னொன்றிலும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி ஆத்தா காலடியில் போட்டார். சிவப்பு வந்தால் அம்மாவின் வாக்கு நிற்கும். வெள்ளை வந்தால் நான் ஆடலாம். எடுக்க வேண்டியவர் அம்மா, வாக்குக் கொடுத்தவர் அவர்தானே.

நான் கண்ணை மூடினேன். வெள்ளை வர வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. ‘ஆத்தா, என் அம்மாவின் பயத்தை எடுத்துவிடு.’ அவர் பயத்தோடு இருந்தால், வெள்ளையே வந்தாலும் என்னால் ஓட முடியாது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது.

கண்ணைத் திறந்தபோது அம்மா ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு விளக்குப் பக்கம் திரும்பியிருந்தார். பிரித்தார். பார்த்தார். கையை மூடிக்கொண்டார்.

“என்னா பூ முத்தம்மா?” என்றார் பூசாரி.

“பூவு எனக்கு வந்துச்சு பூசாரி. எங்கிட்டயே இருக்கட்டும்.” அதை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “போ தாயி. போயி ஆடு. வாக்குக் குடுத்தவ நானு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

பூசாரி இன்னொரு வெற்றிலையைத் தொடப் போனார். அதையும் அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார்.

பதுளை ரயிலில், பட்டிப்பொல ஸ்டேஷன் குளிரில் முழங்காலைத் துண்டால் சுற்றிக்கொண்டேன். குளிருக்கா பயத்துக்கா தெரியாது. ஆட்டத்தின் முதல் பாதியில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். என் கையிலிருந்தே பந்தைப் பறித்துப் போனார்கள். நாங்கள் புள்ளியில் பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போதுதான் அம்மாவின் நினைப்பு வந்தது. இந்நேரம் அவர் ஆத்தாளிடம் பேசிக்கொண்டிருப்பார். காலைப் பற்றி நான் யோசிக்க வேண்டாம். யோசிக்க அங்கே ஆள் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஓடினேன். பெரட்டுக் களத்தில் ஓடியது போல ஓடினேன். கடைசி நிமிஷத்தில் என்னை இருவர் வளைத்தார்கள். இடப்பக்கம் எங்கள் அணிப் பெண் ஒருத்தியின் கை தெரிந்தது. பந்தைக் கொடுத்தேன். அவள் வளையத்துக்குள் போட்டாள். ஜெயித்தோம்.

வீட்டுக்கு வந்தபோது யார் ஜெயித்தது என்று அம்மா கேட்கவில்லை. என்னை உட்கார வைத்து முழங்காலைத் தடவிப் பார்த்தார். ஆட்டம் நடந்த அன்று முழுக்க அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பக்கத்துக் காம்பராவில் சொன்னார்கள். சித்திரைத் திருவிழாவில் அவரே காப்புக் கட்டித் தீச்சட்டி எடுத்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். அவர் கை நடுங்கவில்லை.

எந்தப் பூ வந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. எது வந்திருந்தாலும், அம்மாவின் வாயில் “போ” என்ற சொல்லை வைத்தவள் ஆத்தாதான். நான் கேட்டது அதைத்தான், அது எனக்குக் கிடைத்தது. முன்பெல்லாம் எனக்கு வேண்டியதை மட்டும் கேட்பேன். இப்போது எனக்காகப் பயப்படுகிறவர்களுக்காகவும் கேட்கிறேன்.

ஆத்தாளை நம்பும் என் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரே பிள்ளைக்கு இரண்டு வேண்டுதல் இருக்கலாம். சண்டை போடாதீர்கள். இரண்டையும் அவள் காலடியில் போடுங்கள். அவள் இரண்டு பேரையும் பார்ப்பாள்.

படிப்பு முடிந்துவிட்டது. கொழும்பில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை எனக்கு வந்திருக்கிறது. அங்கே மாலையில் ஆட ஒரு பெண்கள் அணியும் கூப்பிட்டிருக்கிறது. இதை நான் நானுஓயா ஸ்டேஷனில் தொடங்கி, கொழும்பு ரயிலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்டி இருக்கைக்குக் கீழே இருக்கிறது. இப்போது றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டிவிட்டோம்.