மூன்றடியில் ஊறும் தண்ணீர்

கடப்பாரையை ஊன்றி எடுத்து, அதன் நுனியை விரலால் தடவிப் பார்க்கிறார் இளங்கோவன். ஈரம் பட்டால் இரண்டு தப்படி தள்ளி மறுபடி ஊன்றுவார். சில நாள் இப்படியே நான்கைந்து இடம். சாவு வீட்டிலிருந்து வந்த ஆட்கள் வெயிலில் முணுமுணுப்பார்கள். "இருப்பா, தண்ணியில படுக்க வெக்கச் சொல்றியா?" என்பார், அலுத்த குரலில், திரும்பாமலே.

காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றோர இடுகாட்டில் அவர் குழி வெட்ட வந்து முப்பது வருடம். அன்று சுற்றிலும் வயல். இன்று மூன்று பக்கமும் மாடிவீடுகள்; மதிலை ஒட்டித் தெருவுக்கு ஓர் அடிபம்பு. உள்ளே இடம் தீர்ந்து, பழைய குழியின் மேலேயே புதுக்குழி. மேலே போர்த்திய பாலிதீனை உருவாமல் உடலை இறக்க விடமாட்டார். "போத்தின பட்டுப்பொடவகூட மக்கிப்பூடுது. இது மக்காதுபா."

போன மழையில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வாந்திபேதி. "குழியில ஊறுற தண்ணிதாமா பம்புல வருது, குடிக்காதீங்க" என்று வாசல் வாசலாகச் சொன்னார். "காலங்காத்தால பொணம் பொதைக்கிறவன் வந்து நிக்கிறியே" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த காயத்ரி மட்டும் கேட்டாள். இடுகாட்டை மூடச் சொல்லி மனு எழுதினாள். "உங்க வேலை போய்டுமே" என்று தயங்கினாள்.

"தெரியுதுமா. பேனாவக் குடு."

முதல் கையெழுத்து அவருடையது.

மாநகராட்சி ஆட்கள் வந்து பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மூடும் உத்தரவு தை மாதம் வரும் என்கிறார்கள். அதுவரை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

மண்ணைச் சோதிக்க அதிகாரி வந்த அன்று, அதே தெருவில் குடியிருக்கும் நானும் இருந்தேன். புதிதாக வெட்டிக் காட்டக் காலியிடம் ஒன்றுதான் இருந்தது: இளங்கோவன் தன் மனைவி பொன்னியைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில், தனக்கென்று அவர் பதினொரு வருடமாக விட்டுவைத்த இடம். கடப்பாரையை ஊன்றினார். பிறகு வெட்டினார். மூன்றடியில் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. அதிகாரி அதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, "மூடிடுங்க" என்று சொல்லி நடந்தார்.

இளங்கோவன் மண்ணைத் தள்ளத் தொடங்கினார். பாதியில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். குழி வெட்டியதில் பொன்னியின் மேட்டோரம் கொஞ்சம் சரிந்திருந்தது. அதை இரண்டு கையாலும் அணைத்து, மெல்லத் தட்டித் தட்டிச் சரிசெய்தார்.