வழுக்காத செருப்பு

"எல்லாருமா கப்பல்ல போறோம்" என்று தம்பி ஈஸ்வரபாண்டி சொன்ன நாளிலிருந்து ஜோதிலட்சுமிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புருஷன் செத்தபின் ஓடைப்பட்டியில் தம்பியின் திராட்சைத் தோட்டமே கதியென்று கிடப்பவள், கடலைக் கண்டதில்லை.

தம்பி மனைவி ஓவியா தேனியிலிருந்து நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று என இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தாள்.

"மதினி, நமக்கு ஒரே அளவுதான். போட்டு நடந்து பாருங்க. கப்பல்ல தரை ஈரமா இருக்குமாம்" என்று கொல்லைப்புற டைல்ஸில் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள்.

நீலச் செருப்பு வாரிவிட்டது. ஜோதிலட்சுமி மல்லாந்து விழுந்தாள். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.

"பந்தல் சரிஞ்ச மாதிரில்ல விழுறீக!" என்று ஓவியா சிரித்தாள்.

கப்பலில் போகிறவள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கலாமா? அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து சிவப்பை மாட்டினாள். அது வழுக்கவில்லை. பாதத்துக்கும் மெத்தென்று இருந்தது.

"இதையே நான் எடுத்துக்கிறேன், தாயி."

"நீங்களா? நீங்களும் வந்துட்டா கொடிக்கு யாரு தண்ணி பாச்சுறது?" ஓவியா சிவப்பைக் கழற்றச் சொல்லி, துடைத்துத் தன் பெட்டியில் வைத்தாள். நீலத்தைக் காலால் தள்ளிவிட்டாள். "இதத் தோட்டத்துக்குப் போட்டுக்கங்க."

ஜோதிலட்சுமி கொல்லை வாசற்படியில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். அவன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, அந்தச் சோப்பக் கழுவி விட்டுரு. ஓவியா வழுக்கி விழுந்துறப் போறா."