நெஞ்சுவலி என்று எழுதச் சொன்னேன்

கொரோனா இரண்டாம் அலையின்போது, பெங்களூரு வேலையைச் சங்கரன்கோவில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். உருமாறிய வைரஸ் எந்தெந்த நாட்டில் எத்தனை பேரைக் கொல்கிறது என்று கணிக்கும் புள்ளியியல் வேலை. சாவை மறைக்கிற நாடுகளால் எங்கள் கணக்கே பொய்யாகிறது என்று சாப்பிடும்போதுகூட அப்பாவிடம் பொருமுவேன்.

அந்த அப்பாவுக்கே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். ஒரு காலையில் மூச்சுத் திணறி, வீட்டிலேயே இறந்துபோனார்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். "தம்பி, டெஸ்ட் எடுத்துருவோமா?" என்று கேட்டார்.

கொரோனா என்று தெரிந்தால் உடலை வீட்டில் வைக்க விடமாட்டார்கள். சொந்தக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். "வேண்டாம் சார். நெஞ்சுவலின்னே எழுதிருங்க" என்றேன். அப்படியே எழுதிக் கொடுத்தார்.

எல்லாரும் வந்தார்கள். சிவகிரியிலிருந்து வந்த அத்தை, தன் அண்ணன் முகத்தோடு முகம் வைத்து அழுதார். பக்கத்தில் நின்ற நான் தடுக்கவில்லை. மறுவாரமே அவருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று.

பிழைத்து வந்தவரைப் பார்க்கப் போனேன். நாலு வார்த்தை பேசுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"மருமவனே, ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும். அண்ணனுக்கும் இந்த நோவுதான் இருந்துச்சோ?"

"இல்ல அத்தை. நெஞ்சுவலிதான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். பஸ்ல வரும்போது எனக்கு ஒட்டிக்கிட்டு போல. நல்லவேளை, ஒங்க வீட்டுல யாருக்கும் நான் குடுக்கல" என்றார்.

இந்தியாவின் கணக்கில் என் அப்பா இல்லை என்பதை அலுவலகத்தில் என்றைக்காவது சொல்லிவிடுவேன். அத்தையிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.