வேலியோரத்துக் கதலிக்குட்டி

அலவாங்குக் கம்பியை இறக்குவதற்கு முன் பேச்சியம்மா வாழைத் தண்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள், உள்ளே நித்திரை கொள்கிறவரை எழுப்புவது போல. "கோவிச்சுக்காத தாயி, ஒன்னே ஒன்னுதான்" என்பாள். பிறகு தாய் வாழைக்கும் பக்கத்தில் முளைத்த குட்டிக்கும் நடுவே அலவாங்கின் தட்டை முனையைச் செலுத்தி, ஒரே சாய்ப்பு. 'டொக்'கென்று கேட்டால் கிழங்கு சேதமில்லாமல் பிரிந்துவிட்டது. 'சளக்'கென்று கேட்டால் அன்று முழுவதும் அவளுடைய கோழிகளுக்குக் கூட ஏச்சு விழும்.

குட்டி தெரிவுசெய்வதில் அவள் கண்டிப்பானவள். அகன்ற இலையோடு பசேலென்று நிற்பதைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். "பவுசு காட்டுறது குலை போடாது." ஒடுங்கிய வாளிலையும் பருத்த அடியும் வேண்டும். வேரை அரிந்து, கிழங்கைச் சாம்பலில் புரட்டி, ஒருநாள் நிழலில் கிடத்துவாள்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து லொறியில் வந்து நெடுங்கேணிக்கு அப்பால் இறங்கியபோது அவள் கைக்குத் தேயிலைக் கொழுந்து மட்டுமே தெரியும். இன்று ஐந்து வருடத்தில் முற்றத்தைச் சுற்றிப் பதினெட்டுக் கதலி வாழை. பழக்கிவிட்டவள் பக்கத்து வளவுக் கமலாசனி. வடமராட்சியிலிருந்து காணி பெற்று வந்தவள், ஏறக்குறைய இவள் வயது.

"தாயோடை ஒட்டியிருந்த காயத்தை வேலிக்குக் காட்டி நடுங்கோ அக்கா. குலை எப்பவும் காயத்துக்கு எதிர்ப்பக்கம்தான் சாயும். உங்கட முத்தத்துக்குள்ளை விழும்."

பதினேழு வாழைகள் அப்படியே நடப்பட்டன. பதினெட்டாவதைப் புருஷன் வீரபாகு நட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று குட்டியைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு ஓடினான். அது வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டிக் கமலாசனியின் கிணற்றடியில் குலை தள்ளியது. பழுக்கும் தறுவாயில் கமலாசனி வெட்டிக்கொண்டாள்.

"எங்கட வளவுக்குள்ளை வந்த குலை எங்கட தானே?"

"நட்டது நாங்க, தண்ணி ஊத்துனது நாங்க, திங்கிற வாய் மட்டும் ஒங்களோடதா?"

மறுநாள் இரண்டு வளவுக்கும் பாதையாக இருந்த வேலிப் பொட்டைக் கமலாசனி முள்ளால் அடைத்தாள். அந்தப் பொட்டுக்கால்தான் உப்பும் நெருப்பும் ஊர்க்கதையும் போய் வந்தன. குலை போனது பேச்சியம்மாவுக்கு ஒரு கிழமைக் கவலை. கதை போனதுதான் தாங்கவில்லை. கறிக்கு என்ன போட்டாள், யாருக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் வாழைகளுக்குச் சொல்லத் தொடங்கினாள். "வாழைக்குக் காது இருந்தா இந்நேரம் முல்லைத்தீவுக்கே ஓடியிருக்கும்" என்றான் வீரபாகு.

ஒரு வருடம் போயிற்று. இந்த மாசியில் ஒரு விடியற்காலை யானை வந்தது. கமலாசனியின் ஏழு வாழைகளையும் கிழங்கோடு பிடுங்கித் தின்றுவிட்டு, இந்தப் பக்கம் எட்டியும் பாராமல் காட்டுக்குத் திரும்பியது.

"பாத்தியா, சாமி கேட்டுருச்சு" என்றான் வீரபாகு.

"வாயக் கழுவுங்க. ஒரு குட்டி மிஞ்சல அந்தம்மாவுக்கு."

அன்றே மூன்று 'டொக்' கேட்டது. மறுநாள் சாம்பல் பூசிய மூன்று குட்டிகளையும் வீரபாகு சைக்கிளில் கட்டித் தெரு ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு போனான். போன வேகத்திலேயே குட்டிகளோடு திரும்பினான். கமலாசனி படலையைத் திறக்கவே இல்லையாம். "குலை திண்டவள் எண்டு பேர் கேட்டது காணும். இனிக் குட்டியும் வாங்கித் திண்டவள் எண்டு கேக்கேலாது. கொண்டு போங்கோ."

பேச்சியம்மா குட்டிகளை அவிழ்த்து மறுபடி நிழலில் கிடத்தினாள்.

அடுத்த நாள் காலை, வேலியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழி வெட்டினாள். வேலிக்கு அந்தப்புறம் கமலாசனி முற்றம் கூட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றில் பருத்த குட்டியைக் குழிக்குள் இறக்கி, ஒருமுறை திருப்பினாள். போதாமல் இன்னும் கொஞ்சம் திருப்பினாள். காயம் நேராகத் தன் வீட்டு வாசலைப் பார்த்தது.

கூட்டும் சத்தம் நின்றது. வேலிக் கிடுகின் இடுக்கு மெல்ல விலகியது.

"அக்கா, பிழையாயெல்லே வைக்கிறியள்! காயம் உங்கட பக்கம் கிடக்கு. குலை இஞ்சாலை எல்லே சாயப்போகுது!"

பேச்சியம்மா குதிக்காலை ஊன்றி, குட்டியைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினாள்.