மேற்கே போன வண்டிகள்

சுதந்திரம் வந்த மறுவருஷம் எனக்குக் கல்யாணமானது. ஒரே மாதத்தில் கணவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். சுசீந்திரம் வீட்டில் மாமியாரும் நானும்தான். பக்கத்து வீட்டு வாத்தியார் கொடுத்த, சிறுவருக்கான அமெரிக்க வரலாற்றுப் புத்தகம் ஒன்று எனக்குத் துணை.

அதில் ஒரு படம். கூண்டு வண்டிகளில் மாடு பூட்டி, குடியேறப் புது நிலம் தேடிக் குடும்பம் குடும்பமாக மேற்கே போகிறார்கள். காய்ச்சலில் வழியிலேயே பலர் செத்தார்களாம். படிப்பவர்கள் இரக்கப்படட்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "பொம்பளையளையும் கூட்டீட்டா போனாவ? பாவம், என்ன பாடு பட்டாளுவளோ!"

"அவளுவ புருசனுக்கக் கூடல்லா போனாளுவ, மாமி," என்றேன் வெடுக்கென்று.

சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் எனக்கு இன்னொரு அகப்பைச் சோறு வைத்தார்.

நான் சோறா கேட்டேன்?